வண்டியை யார் எடுப்பது?

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

டயர் வியாபாரிகள் சேர்ந்து நடத்துகிற ஒரு மாத இதழ் இருக்கிறது. டயர் மாற்றக் காத்திருப்பவர்கள் சும்மா புரட்டிவிட்டு, நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போகிற ரகம். அதன் ஆசிரியர் ஒருநாள் போன் செய்தார்.

"முதல் தடவையா வீட்டுலயே கார் ரிப்பேர் பண்றவங்களுக்கு எளிமையா டிப்ஸ் வேணும் சார். ரெண்டு பக்கம். நீங்க எழுதினா நல்லா இருக்கும்."

"என்கிட்ட கார் இல்லையே சார்."

"அதனாலதான் கேக்கறேன். கார் வச்சிருக்கறவர் எழுதினா எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதுவார். படிக்கறவங்க பயந்துடுவாங்க."

இதற்கு என்ன பதில் சொல்ல? சரி என்றேன். என் தங்கை கார் ஓட்டுவாள், பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பாள். அவளை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் சாப்பிட்டு முடித்து, கண் சொக்குகிற நேரத்தில் உட்கார்ந்து முதல் வாக்கியத்தை எழுதினேன்.

"முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள்."

நல்ல வாக்கியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எழுதிய கையோடு ஒரு சந்தேகம். நிறுத்துங்கள் என்றால் யார் நிறுத்துவது? பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். தூங்கினேனா இல்லையா என்று சத்தியமாகத் தெரியாது. தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் தெரிந்தது. கூரையில் ஒரு தகட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் போட்டிருந்தார்கள். அது வழியாக இறங்கிய வெயிலில் தூசி, இறங்குவதா ஏறுவதா என்று யோசிப்பதுபோல மிதந்துகொண்டிருந்தது. வெயிலுக்குக் கீழே ஒரு நீல நிறக் கார். அதன் பக்கத்தில் ஒரு பெண், மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நிறுத்தியாச்சு. அடுத்தது?" என்றாள்.

2.

நான் திணறிப்போனேன். டிப்ஸ் எழுத வந்தவனிடம் ஒரு பெண் இப்படி வந்து நின்றால் கதை எழுதாமல் என்ன செய்வது? தொடக்கங்கள் போட்டுப் பார்த்தேன்.

"அவள் கணவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது வீடு முழுவதும் ஒரு—"

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். அந்த மனிதரும் இதை விரும்ப மாட்டார்.)

"கார் என்பது வெறும் இயந்திரம் அல்ல, அது—"

(தங்கை தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "பின்ன என்ன, பூசணிக்காயா?" என்றாள். வரியை அடித்துவிட்டேன்.)

"ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கட்டிய மனைவிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை."

இதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். பக்கத்து சீட்டின் அடியிலும் ஒரு பிரேக் வைத்த வண்டி. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டரின் கால் அதில் இறங்கும், வண்டி சமர்த்தாக நிற்கும். வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாள் அவர் சொல்கிற வாசகம் ஒன்றே ஒன்றுதான். "பயப்படாதே. நான் இருக்கேன். வண்டியை எடு." வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து அந்தக் குரல் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வரும். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அதைக் கேட்பாள். எத்தனை பேரிடம் சொல்லிக் கேட்டிருப்பாளோ, கணக்கே இல்லை. அவளிடம் மட்டும் சொன்னதில்லை. அவள் கேட்டபோதெல்லாம், "உனக்கு எதுக்கு? நான் இருக்கேனே" என்பார். அதே "நான் இருக்கேன்"தான். பாருங்கள், அதே சொல் ஓரிடத்தில் தைரியம் கொடுக்கிறது, இன்னோரிடத்தில் கதவைச் சாத்துகிறது.

பிறகு அவர் பார்வையின் நடுவில் ஒரு புகை வந்து உட்கார்ந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள், புகை எழுந்திருக்கவில்லை. ஓரங்கள் மட்டும் மிஞ்சின. ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் அந்த முகத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். மனைவியைப் பார்க்க அவள் தோளுக்கு அப்பால் பார்ப்பார். தெரியாதவர்கள் அவள் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்கூலை மூடினார். இரட்டை பிரேக் வண்டி போயிற்று. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த நீலக் கார் மட்டும் ஷெட்டில் நின்றது.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். எங்கே? அடுத்த தெருவில், மாஸ்டரின் பரம எதிரி நடத்துகிற ஸ்கூலில்! விஷயம் தெரிந்த அன்று அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "அவன்கிட்டயா போனே? அவன் கிளட்ச்சை மிதிக்கவே சரியா சொல்லித்தர மாட்டானே! ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைச்ச ஆள் சொல்லித்தர மாட்டேன்னுட்டாரே" என்றாள் அவள்.

3.

இனி, அவளுக்கு என்ன அவசரம் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காரோடு மல்லுக்கட்டுகிறவளைப் பார்த்து, வேலையற்ற வேலை என்று நினைப்பீர்கள்.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். டாக்டர் கையை நீட்டினால், என்ன கருவி என்று கேட்காமலே அதை வைக்கிறவள். நடந்து போகிற தூரத்தில் இருந்த டாக்டர் வயதாகி மருத்துவமனையை மூடிவிட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார். புது வேலை புறவழிச் சாலைக்கு அப்பால் கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் பஸ் போகாது. புது டாக்டர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "நாளைக் காலையில முதல் பேஷன்ட் உட்காரும்போது நீங்க பக்கத்துல நிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்."

முடியும் என்று சொல்லியிருந்தாள். நேற்று மாலை நீலக் காரைத் தனியாகத் தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பியும் வந்தாள். மாஸ்டர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, சத்தம் தேய்ந்து மறைகிற வரை காது கொடுத்துக்கொண்டிருந்தார். அது மறுபடி கேட்கத் தொடங்குகிற வரையிலும் அதே இடத்தில் நின்றார். அவள் இறங்கி வந்தபோது கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

இன்று மதியம் சாவியைத் திருகினால் ஒன்றுமே இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிய வேண்டிய விளக்குகள் எதுவும் எரியவில்லை.

ஷெட்டின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாஸ்டர், "ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு" என்றார். "ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணும். ரெண்டு வாரமாவது ஆகும். அந்த டாக்டர்கிட்ட சொல்லிடு."

"ஹாரன்கூட அடிக்கலைங்க. ஹாரனுக்கும் ஸ்டார்ட்டருக்கும் என்ன சம்பந்தம்?"

மாஸ்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

(சந்தேகம் ஒன்று. இவர் உண்மையிலேயே இப்படித் தப்பாகச் சொல்வாரா? வண்டியோடு வாழ்ந்த மனிதர். எழுதியது நான்தான், ஆனாலும் எனக்கே உறுத்துகிறது. தங்கையிடம் கேட்டேன். "உன் மாஸ்டருக்கு விஷயம் தெரியலை, இல்லைன்னா உனக்குத் தெரியலை" என்றாள். இரண்டாவதுதான் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.)

4.

போன் அடித்தது. இதழாசிரியர்.

"டயர் வந்துடுச்சா சார்?"

"இன்னும் வரலை. இப்பதான் ஸ்டார்ட்டர்—"

"டயர் இல்லாம எப்படி சார்? இது யாரு இதழ்?"

ஆகவே வாசகரே, அந்தக் காரின் முன்பக்க டயர் ஒன்றில் இப்போது காற்றில்லை. நேற்று தெருமுனையில் ஆணி குத்தியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்துவிட்டாள். "இது வேறயா? சரி, முதல்ல இதைப் பாத்துடுவோம்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும் என்று எழுதினேன். வண்டியைத் தூக்கிவிட்டுத் தளர்த்தப் போனால் சக்கரமும் கூடவே சுற்றும். ஒரு நட்டு அசைய மறுத்தது. ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றாள். கிறீச் என்று இளகியது. பிறகு ஜாக்கை வைத்துச் சுற்றச் சுற்ற, கார் தூக்கத்தில் புரள்வதுபோல மெல்ல ஒருபக்கம் எழுந்தது.

கழற்றிய நட்டுகளை ஒன்றுவிடாமல் கிண்ணத்தில் போடுங்கள் என்று எழுதுவதற்குள் ஒன்று உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது.

"எனக்குத் தெரியும் எங்க போச்சுன்னு" என்றார் மாஸ்டர். சத்தத்தை வைத்தே பிடித்துவிட்டார். அவள் வாய் திறப்பதற்குள் ஸ்டூலை விட்டு இறங்கி, தரையில் மல்லாந்து, ஒரு கையையும் தலையையும் வண்டிக்கு அடியில் நுழைத்துவிட்டார். நுழைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, வண்டி ஒற்றை ஜாக்கில் நிற்கிறது என்று. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்தாம்மா, ஜாக்கை எடு."

அவள் ஜாக்கின் கைப்பிடியைப் பிடித்து, எதிர்ப்பக்கமாக—

நிற்க.

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. அது அப்படியே தொங்கட்டும். வெயிலும் நிற்கட்டும், தூசியும் நிற்கட்டும். சாயங்காலத்தை நான் இன்னும் எழுதவில்லை, ஆகவே அது வராது. நமக்கு நேரம் இருக்கிறது.

விஷயம் இந்த "எடு"வில் இருக்கிறது. நம் மொழியில் இதைவிட உழைப்பாளிச் சொல் கிடையாது, இதைவிட ஆபத்தான சொல்லும் கிடையாது. வீட்டில் "கிண்ணத்தை எடு" என்றால் கொண்டுவந்து கொடு. டிரைவிங் ஸ்கூலில் "வண்டியை எடு" என்றால் கிளப்பு. பல் டாக்டரிடம் "எடுத்துடலாம்" என்றால் பிடுங்கிவிடலாம். அவள் காலம் முழுக்க நின்றது பல் டாக்டரின் பக்கத்தில். அவளுக்கு எடு என்றால் இருக்கிற இடத்தை விட்டு அகற்று. மாஸ்டர் சொன்னதோ, சுவரோரம் சும்மா கிடக்கும் பழைய ஸ்கூல் ஜாக்கை எடுத்து வந்து இதற்குத் துணையாக வை என்று. நல்லதுதான் நினைத்தார். நல்லது நினைத்துச் சொன்ன ஒரு சொல்லால் தலை நசுங்கிவிடும்.

தங்கை இதைப் படித்துவிட்டுக் கத்தியே விட்டாள். "முதல்ல அந்த மனுஷன் தலையை வெளியில எடு! டிப்ஸ் எழுதறியா, கொலை பண்றியா? ஜாக் தூக்கறதுக்குத்தான், தாங்கறதுக்கு இல்லை. கீழே முட்டுக்கொடுக்கற ஸ்டாண்ட் வைக்காம ஒரு விரலைக்கூட உள்ள விடக் கூடாது."

அவள் சொன்னதை அப்படியே போட்டுவிட்டேன். நீங்களும் ஒருமுறை திரும்பப் படித்துக்கொள்ளுங்கள். இனி மேலே போகலாம்.

அவள் கை கைப்பிடியில் இருந்தது. திருப்பவில்லை. டாக்டர் பல்லை எடுத்துடலாம் என்றாலும், எந்தப் பல் என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தப் பழக்கம்தான் அன்று காப்பாற்றியது.

"எந்த ஜாக்குங்க?"

வண்டிக்கு அடியிலிருந்து ரொம்ப மெதுவாக, "சுவத்தோரம் இருக்கறது" என்று வந்தது. அதற்குப் பிறகு, அதைவிட மெதுவாக மாஸ்டர் வெளியே வந்தார். தலைமுடியில் தூசி, முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கைப்பிடியை விட்டாள். இரண்டு பேரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருபக்கம் மட்டும் தூக்கி நின்ற அந்தக் காரைப் பார்த்தார்கள். அவர் காருக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"நீ கேட்டியே" என்றார்.

"நீங்க எப்பவும் பாதிதான் சொல்றீங்க. மீதியைக் கேட்டே என் காலம் போயிடுச்சு" என்றாள் அவள். எழுந்து, மூலையில் கிடந்த ஸ்டாண்டை வண்டிக்கு அடியில் வைத்தாள். உருண்ட நட்டைத் துடைப்பத்தால் இழுத்தாள். டிக்கியில் இருந்த மாற்று டயரை மாட்டி, நட்டுகளை வரிசையாக இல்லாமல் ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கையால் முறுக்கினாள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு முழுப் பலத்தோடு இறுக்கினாள்.

(ஆசிரியர் அவர்களுக்கு: டயர் வந்துவிட்டது.)

5.

அடுத்தது பேட்டரி. நான் என்ன திட்டமிட்டிருந்தேன் என்றால், பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும், அவள் தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பாள், வண்டி கிளம்பும், முடிந்தது. பல் வேலைக்கும் பிரஷுக்கும் பொருத்தமாக இருக்கிறதே என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

"முதலில் பாசிட்டிவ் முனையைக் கழற்றுங்கள்" என்று எழுதினேன்.

"கிழிஞ்சது போ" என்றாள் தங்கை. "நெகட்டிவ்வைத்தான் முதல்ல கழட்டணும். மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டணும். இல்லைன்னா ஸ்பேனர் பாடியில பட்ட உடனே பொறி பறக்கும்."

அடித்துத் திருத்தினேன். இந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பானெட் திறந்தது. மாஸ்டர் ஸ்டூலில் நெளிந்தார். "அதைத் தொடாதே. ஆசிட் இருக்கும். கையில பட்டா வெந்துடும்."

"கையுறை போட்டிருக்கேங்க."

"உனக்கு அதெல்லாம் பழக்கம் இல்லை."

"கையுறையா? எனக்கா?" என்று அவள் சிரித்தேவிட்டாள்.

வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியைப் பையிலிருந்து கொண்டுவந்திருந்தாள். எட்டாத பின்பக்கத்தை அதில் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஒரு துண்டு வெயில், ஒரு துண்டு தகரக் கூரை, அப்புறம் பேட்டரியின் பின்முனை. ஏதோ பெரிய மிருகம் வாயைத் திறந்துகொண்டு பொறுமையாகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

பொடி இல்லை. ஒரு துளிகூட இல்லை. சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது. நெகட்டிவ் வயரின் பிடி, முனையைக் கவ்வாமல் மேலே ஒப்புக்கு உட்கார்ந்திருந்தது. விரல் நுனியால் தொட்டாள், ஆடியது. நட்டு நன்றாகத் தளர்ந்திருந்தது. பாசிட்டிவ் பக்கம் கெட்டியாக இருந்தது.

அவள் கண்ணாடியை இறக்காமல் அப்படியே நின்றாள்.

இதை நான் எழுதவில்லை என்றால் நம்புவீர்களா? டீ போட எழுந்து போனேன். போய்விட்டு வருவதற்குள் இது நடந்திருக்கிறது. யாரோ விடிவதற்கு முன்பே ஷெட்டுக்குள் வந்து, வெளிச்சம் தேவைப்படாத ஒருவர், விரல்களாலேயே தடவித் தடவி அந்த நட்டைக் கண்டுபிடித்துத் தளர்த்தியிருக்கிறார். தப்புச் செய்யும்போதும் முறை தவறவில்லை. நெகட்டிவ்வை மட்டும்தான் தொட்டிருக்கிறார். எனக்கே தெரியாதிருந்த முறை அது.

சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. பத்தாம் நம்பர் ஸ்பேனரின் ஆணி வெறுமையாக இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பை ஒருபக்கமாகக் கனத்துத் தொங்கியது.

6.

இப்போது என் பாடு திண்டாட்டம். டிப்ஸ் முடிந்துவிட்டது. ஒரு நட்டை முறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் முறுக்கியதும் என்ன ஆகும்?

முடிவு ஒன்று. அவள் ஒன்றுமே சொல்லாமல் இடுக்கியால் முறுக்கிவிடுகிறாள். வண்டி கிளம்புகிறது. நாளைக் காலை அவள் போகிறாள். அவர் செய்தது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது, அல்லது தெரியும், யாரும் பேசுவதில்லை. எத்தனையோ வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன. (தங்கை: "ஓடுதா? தள்ளிக்கிட்டுப் போறாங்க.")

முடிவு இரண்டு. அவள் பானெட்டை மூடிவிடுகிறாள். "நீங்க சொன்னதுதாங்க, ஸ்டார்ட்டர் போச்சு" என்கிறாள். புது டாக்டருக்குப் போன் செய்து முடியாது என்கிறாள். மாஸ்டர் நிம்மதியாகத் தூங்குகிறார், அவள் தூங்குவதில்லை. இதை எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே அவள் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் முடியாது" என்றாள்.

முடிவு மூன்று. அவள் வெடிக்கிறாள். நியாயம்தான். காலமெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டது, எதிரி ஸ்கூலில் போய்த் தலை குனிந்து கற்றுக்கொண்டது, எல்லாம் சேர்ந்து அந்தத் தகரக் கூரை அதிர—

(பாதியில் நிற்கிறது. எழுத வராமல் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்ததும் அது அப்படியே நின்றது. அவர் கால் தெரிந்தது. முன்னால் ஒன்றும் இல்லாத தரையை அந்தக் கால் அழுத்திக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மிதித்த அந்த இரண்டாவது பிரேக்கை, இல்லாத பிரேக்கை, பலம் கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார்.)

7.

அவள் அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். டாக்டர்கள் அவளிடம் நீட்டுவது போலவே, உள்ளங்கை மேலே பார்க்க.

"என்னங்க, அந்தப் பத்தாம் நம்பரை எடுங்க."

எடு என்ற சொல் இதைவிட மென்மையாக யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. மாஸ்டரின் கை சட்டைப் பைக்குப் போனது, நின்றது. பிறகு ஸ்பேனரை எடுத்து அவள் கையில் வைத்தார். அது உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தானா ஆடற பல்லுக்கும் ஆட்டிவிட்ட பல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பயமா இருந்துச்சு" என்றார்.

"நான் எங்கேயாவது போய் இடிச்சுடுவேன்னா?"

"அப்படின்னு நினைச்சுத்தான் கழட்டினேன். நேத்து நீ போன சத்தத்தைக் கேட்டேன். கியர் மாத்தினதைக் கேட்டேன். அந்தத் திருப்பத்துல நானே அவ்வளவு நிதானமாத் திருப்பினதில்லை. அவன்கிட்டப் போயும் நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கே." மூச்சு வாங்கினார். "நீ நல்லா ஓட்டறே. அப்போ எனக்கு என்னதான் வேலை?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையுறையில் இருந்த அழுக்கு கன்னத்தில் ஒட்டியது. அவருக்கு அது தெரிந்திருக்காது, நான் சொன்னால்தான் உண்டு. பானெட்டுக்குத் திரும்பிப் போய், பிடியைச் சரியாக உட்காரவைத்து, நட்டை முறுக்கினாள். பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. பானெட்டைச் சாத்தினாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்துவைத்தாள்.

"தெருமுனை வரைக்கும்தான். வாங்க. காலைச் சும்மா வச்சுக்கிட்டு வரணும்."

"என் கால் சும்மா இருக்காதே."

"இருக்காதுன்னு தெரியும். மிதிச்சுக்கோங்க. பிரேக் என் பக்கத்துல இருக்கு."

நாளைக் காலை அவர் கூட வர முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். நாளைக்கு அந்த வண்டியில் அவள் தனியாகத்தான் போக வேண்டும். அதனால் இன்றைக்கு அவர் சொல்லப்போகிற சொல், நாளைக்கும் சேர்த்துத்தான்.

அவர் எழுந்து வந்தார். கதவு, சீட்டின் விளிம்பு, உள்ளே. உட்கார்ந்தார். வெயில் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது, நான் சாயங்காலத்தை எழுதவே இல்லை. காரின் கண்ணாடியில் தூசி மிதக்கிறது. அவள் சாவியில் கை வைத்திருக்கிறாள், ஆனால் திருகவில்லை. காலமெல்லாம் ஜன்னல் வழியாகவே கேட்டவள், இன்று கேட்காமல் திருகுவதாக இல்லை. மாஸ்டர் அவள் தோளுக்கு அப்பால் பார்க்கிறார், அதாவது அவளைத்தான் பார்க்கிறார். "பயப்படாதே" என்கிறார். அதை அவளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. "நான் இருக்கேன்" என்பதை இந்தத் தடவை சொல்லவில்லை. அதை விழுங்கிவிட்டார்.

அந்த முதல் நாள் வாசகத்தில் இன்னும் மூன்றாவது துண்டு பாக்கி இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அது நான் சொன்னதாகிவிடும், அவர் சொன்னதாகாது. சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். ஒருவேளை உங்கள் வீட்டிலும் யாரோ அந்தச் சொல்லுக்காக ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்கலாம். எது எப்படியோ, அவள் கை சாவியில் இருக்கிறது, அவர் வாய் திறந்திருக்கிறது. நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் காதில் விழுகிற மாதிரி கொஞ்சம் சத்தமாக.